உறை பிரிக்காத மீட்டர்கள்

ஜனவரி 8

கோபம் வந்தால் யார் மேலும் பாயாமல் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். பிரஷர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டு இலவசமாகக் கொடுத்த யோசனை. வீட்டுக்காரி சிவகாமி அன்றைக்கே இந்த டைரியைப் பெட்டியில் வைத்துவிட்டாள். கப்பல் ஏறி இத்தனை நாள் தொடவில்லை. இன்று தொட வைத்த புண்ணியவான் கேப்டன் பத்மநாபன்.

சமையல் வாயு ஏற்றும் கப்பல் இது. நான் சீஃப் ஆபீசர். சரக்கு என் பொறுப்பு, பாதுகாப்பு என் பொறுப்பு, டெக்கில் எங்காவது துரு தெரிந்தால் அதுவும் என் பொறுப்பு. வளைகுடாவில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் கூப்பிட்டு, "கோமதிநாயகம், எண்ணூர்ல இன்ஸ்பெக்ஷன் வச்சிருக்கான். போன தடவை மாதிரி ஆச்சுன்னா நம்ம கதை கந்தல். உன் ப்ரமோஷன் பேப்பர் ஆபீஸ்ல டேபிள் மேலயே இருக்கு. கையெழுத்து ஆகறதும் ஆகாததும் உன் கைல தான்" என்றார்.

போன தடவை என்ன குடி முழுகிவிட்டது? பையன்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன கேஸ் மீட்டர் இருக்கிறதே, ஆக்சிஜன் குறைந்தாலோ வாயு கசிந்தாலோ கத்துமே, அதில் இரண்டு கீறல் விழுந்து கிடந்தன. ஒன்றுக்குச் சான்றிதழ் தேதி முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனான். அதற்கு ஆபீஸில் இருப்பவர்கள் என்னை உரித்துத் தொங்கவிட்டார்கள். எனக்குப் பின்னால் கப்பலேறிய பயல்கள் எல்லாம் கேப்டனாகி, தோளில் நாலு பட்டையோடு போட்டோ போடுகிறார்கள். நான் இன்னும் மூன்று பட்டையோடு கீறல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 9

சரக்கு ஏற்றி முடிந்தது. புறப்படும் முன் ஏஜென்ட்டின் படகில் ஒரு பெட்டி வந்தது. புது மீட்டர்கள். ஒவ்வொன்றும் பளபளக்கும் உறைக்குள், தனித்தனிச் சான்றிதழோடு. பார்க்கவே அழகாக இருந்தன. கூடவே ஆபீஸிலிருந்து கடிதம்: "கவனமாகக் கையாளவும். இன்ஸ்பெக்டருக்குக் காட்டவும்."

பையன்கள் கையில் கொடுத்தால் எண்ணூர் போவதற்குள் பெயின்டும் கிரீஸும் பூசி பழைய கோலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஷோகேஸில் விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் கண்ணாடி டம்ளர்கள் உண்டு. அந்த மாதிரி எல்லாவற்றையும் உறை பிரிக்காமல் பாதுகாப்பு லாக்கரில் வைத்துப் பூட்டினேன். ஆபத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகும் மூச்சுக்கருவிகளும் புதிது, அவற்றையும் பிளாஸ்டிக் சுற்றியபடியே விட்டேன். கேப்டனிடம் சொன்னபோது, "நல்ல ஐடியா கோமதி, நீயே யோசிச்சியா?" என்று முதுகில் தட்டினார். நானேதான் யோசித்தேன்.

பழைய மீட்டர்கள் இன்ஸ்பெக்டர் கண்ணில் படக்கூடாது. சாக்கில் கட்டி அதே படகில் குப்பையோடு அனுப்பிவிட்டேன். சுத்தமான வேலை.

ஜனவரி 10

சமையற்காரன் சாம்பாரில் மூன்றாம் நாளாக முள்ளங்கி.

சிவகாமியோடு பேசினேன். வீட்டில் சிலிண்டர் மாற்றும்போது நாற்றம் குடலைப் பிடுங்கியதாம், பயந்து ஜன்னலெல்லாம் திறந்துவைத்தாளாம். "நீங்க இத்தனை ஆயிரம் டன்னு கூட இருக்கீங்களே, எப்படித்தான் இருக்கீங்களோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் கொண்டுவருவதற்கு நாற்றமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்தைக் கரையில்தான் சேர்க்கிறார்கள். இங்கே கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. அதனால்தான் மீட்டர், இப்போது புதிதாகவே வந்து எண்ணூர்வரை உறையோடு பூட்டியிருக்கிறது என்று விளக்கினேன். "அப்ப சரி, மீட்டர் இருக்குல்லா" என்று நிம்மதியாகப் போனை வைத்தாள்.

ஜனவரி 11

போசன் ராயன் காலையிலேயே அறை வாசலில் வந்து நின்றார். டெக் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி அவர்தான். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். எதற்கெடுத்தாலும் தர்க்கம் பண்ணுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மீன்குழம்பில் புளி கூடியதா குறைந்ததா என்பதைக்கூட ஒரு வாரம் இழுப்பார்.

"சார், மீட்டர் எங்க? கொக்கி மொட்டையா தொங்குது."

"பழசெல்லாம் அனுப்பியாச்சுண்ணே. புதுசு வந்திருக்கு."

"அப்ப புதுசக் குடுங்க."

"எண்ணூர் தாண்டினதும் ஆளுக்கு ஒண்ணு தாரேன்."

"அதுவர மூச்ச எங்க கடன் வாங்க? ஏம் சார், சாமி ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீயளோ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவது அவர் குணம். ஒரு வாரம் பொறுக்க முடியாதா? இத்தனை வருடமும் இந்த மனுஷன் மீட்டரோடுதான் பிறந்தாரா?

ஜனவரி 12

காற்று பலம். கேப்டனுக்கு வயிறு சரியில்லை. அந்த மட்டில் கப்பலில் அமைதி.

ஜனவரி 13

கம்ப்ரஸர் அறையில் ஒரு வால்வின் கழுத்தில் லேசாகக் கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிறது. அறை என்றாலும் டெக்கின் மேல் நிற்கும் சின்னக் கூடம்தான். ஃபேன் ஓடும்வரை கசிந்ததெல்லாம் வெளியே போய்விடும், ஆபத்தில்லை. மாற்று சாமான் கேட்டு ஆபீஸுக்கு எழுதினால், எண்ணூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில். ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதுவதற்கு ஒரு படிப்பு இருக்கும் போல.

அந்த அறையின் தரை வேறு கண்ணராவியாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் முதலில் போவதே அங்கேதான். பெயின்ட் அடித்தே ஆகவேண்டும்.

ஜனவரி 14

பொங்கல். முள்ளங்கிக்கு விடுமுறை. சமையற்காரன் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை அள்ளிப் போட்டிருந்தான். ராயண்ணன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நெய் பற்றாது என்று சமையற்காரனோடு சண்டை பிடித்தார். மீசைக்குப் புதிதாக மை அடித்திருக்கிறார். எண்ணூரில் இறங்கி மனைவியைப் பார்க்க வீட்டுக்குப் போகிறாரே, அந்த ஜோர். "புஷ்பம் என்னைய வயசாளின்னு சொல்லிரப்புடாது சார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பம்ப்மேன் தாவூது எழுந்து ஒரு பாட்டுப் பாடினார். கேப்டன்கூடக் கீழே வந்து உட்கார்ந்தார்.

நல்ல நாள்.

ஜனவரி 15

கம்ப்ரஸர் அறைத் தரைக்குப் பெயின்ட் அடித்து முடித்தோம். அந்த அறையின் கேஸ் டிடெக்டர் தலையில் பெயின்ட் தெறித்தால் கெட்டுவிடும், அதனால் அதற்குப் பிளாஸ்டிக் பை போட்டு டேப் சுற்றினோம். இது எல்லாக் கப்பலிலும் செய்வதுதான். சாயங்காலம் பார்த்தால் ஃபேன் காற்றில் உப்பும் தூசியும் பறந்து வந்து ஈரப் பெயின்டில் அப்புகிறது. புதுத் தரை சொரசொரவென்று ஆகிவிட்டது. காயும்வரை ஃபேன் நிறுத்தப்பட்டது. கதவையும் சாத்தியாயிற்று.

இதற்கும் ராயண்ணன் தர்க்கம். தாவூதை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஃபேன நிப்பாட்டினா நாளைக்கு எவன் உள்ள போவான்? மீட்டர் ஒண்ணாச்சும் குடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. நான் பொத்திப் பொத்தி வச்சுக்கிடுதேன்."

"ஒண்ணைப் பிரிச்சா மத்தவனும் கேப்பாண்ணே. ரெண்டு நாள் பொறுங்க."

"இன்ஸ்பெக்டர் என்ன பொண்ணு பாக்கவா வாரான், உறை பிரிக்காம காட்ட?"

தாவூது வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சீஃப் ஆபீசரை ஆட்கள் முன்னால் இப்படியா பேசுவது? "வேலைய மட்டும் பாருங்கண்ணே. எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. வாடட்டும். என் முகம் இந்தக் கம்பெனியில் எத்தனை தடவை வாடியிருக்கிறது, யார் கேட்டார்கள்?

ஜனவரி 16

எழுத வரவில்லை.

ஜனவரி 17

டாக்டர் சொன்னபடி எழுதிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி.

நேற்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராயன் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கவும், டேப்பையும் பையையும் பிரிக்கவும் கம்ப்ரஸர் அறைக்குப் போயிருக்கிறார். தாவூது வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே போனவர், பெயின்ட் சுவரில் படாமலிருக்கத் தரை ஓரத்தில் ஒட்டிய டேப்பை உரிக்கக் குந்தியிருக்கிறார். எங்கள் சரக்கு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். நின்றிருந்தால் ஒருவேளை தலை சுற்றித் தப்பியிருப்பார். குந்தினதோடு சரி. "பூட்ஸ் கயிறக் கட்டுறாருன்னு நெனச்சேன் சார், அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார் தாவூது.

வாக்கிடாக்கியில் அவர் கத்தினது கேட்டு ஓடினேன். தாவூது உள்ளே பாயப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். போயிருந்தால் இரண்டு பேர் விழுந்திருப்பார்கள். அந்த ஒன்றை நான் சரியாகச் செய்தேன், யாரும் மறுக்க முடியாது. மூச்சுக்கருவி பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. கைக்குக் கிழியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. அதிகம் இருக்காது. மாட்டிக்கொண்டு போய் அக்குளில் கை கொடுத்து இழுத்துவந்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டெக்கில் போட்டு நெஞ்சை அமுக்கினேன். என் கை முழுக்க மீசை மை.

மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை. இலங்கைக்குத் தெற்கே இருந்தோம், அங்கே காலி என்ற ஊரின் துறைமுகத்திலிருந்து படகு வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

படகு போன பிறகு கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"கோமதி, மீட்டர் எங்க இருக்கு?"

"லாக்கர்ல சார்."

"உறையோடயா?"

லாக்கர் சாவியை எடுத்துக் காட்டினேன்.

"எண்ணூர்ல ஆபீஸ் ஆளுங்க, இன்ஸ்பெக்டர், எல்லாரும் ஏறுவானுங்க. மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும். புரியுதா? நான் எதுவும் சொல்லல."

உறையைப் பிரித்துக் கம்ப்ரஸர் அறை வாசல் கொக்கிகளில் வரிசையாக மாட்டினேன். பாதுகாப்புக்காகத்தான். இனிமேல் ஒருத்தருக்கும் அப்படி ஆகக்கூடாதே.

ஜனவரி 18

எண்ணூர். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். நடந்ததைக் கேட்டுத் தலையை ஆட்டினான். வாசலில் தொங்கின மீட்டர்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, "இவ்வளவு புதிதாகப் பராமரிக்கிறீர்களே" என்றான். கீறல் ஒன்றுகூட இல்லை. கேப்டன் என்னைக் கை காட்டினார்.

புதுத் தரையையும் பாராட்டினான்.

ஜனவரி 19

ராயன் கண் திறந்துவிட்டார் என்று காலியிலிருந்து தகவல். கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். வேறு எதற்கு?

ஜனவரி 21

தாவூது எனக்கு சலாம் வைப்பதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் குழாய்களைப் பார்த்துக்கொண்டு போகிறார். ஆபீஸ் ஆள் விசாரித்தபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் வாசல்லதான் நின்னேன்" என்று மட்டும் சொன்னாராம். நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் மரியாதை.

இருந்தாலும் ஒரு சலாமில் என்ன குறைந்துவிடும் அவருக்கு?

பிப்ரவரி 11

சென்னை ஆபீஸில் விசாரணை. கண்ணாடி அறை, மேசை நிறைய பிஸ்கட். மூன்று பேர் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் கடுகளவு கோபமில்லை. கேள்வியெல்லாம் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தன.

"உள்ளே போகும்போது போசன் மீட்டர் மாட்டியிருந்தாரா?"

"இல்லை."

"மீட்டர்கள் வாசலில் இருந்தனவா?"

"வாசல் கொக்கியில் இருந்தன."

இரண்டும் உண்மை. எது முன்னால், எது பின்னால் என்று அவர்கள் கேட்கவில்லை. மீட்டரைப் பூட்டிவைக்கச் சொன்னது கேப்டன்தான், அப்படியே கேட்டிருந்தாலும் அவர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஃபேனை யார் நிறுத்தச் சொன்னது என்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?

வெளியே வரும்போது அதில் மூத்தவர் தோளில் கை போட்டு, "உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். கம்பெனி மறக்காது" என்றார். ஒரு கணம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாய்வரை வந்தது. லிஃப்ட் வந்துவிட்டது.

பிப்ரவரி 26

கம்பெனியின் எல்லாக் கப்பலுக்கும் பாதுகாப்புச் சுற்றறிக்கை போயிருக்கிறது. எனக்கும் போனில் வந்தது. மேலே ஒரு படம்: வாசலில் வரிசையாகத் தொங்கும் புது மீட்டர்கள். கீழே: "உபகரணம் இருந்தது. ஊழியர் பயன்படுத்தவில்லை. உங்கள் உயிர் உங்கள் கையில்." பெயர் போடவில்லை. ஆனால் தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிற ஒவ்வொருத்தனுக்கும் யாரென்று தெரியும்.

படம் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 9

திரேஸ்புரம் போய் அவரைப் பார்த்துவர வேண்டும் என்று சிவகாமி தினமும் சொல்கிறாள். வெயில் கொஞ்சம் தணியட்டும்.

ஏப்ரல் 17

வந்துவிட்டது. கேப்டன் கோமதிநாயகம். கூடவே துணிச்சலுக்குப் பாராட்டுக் கடிதம், சட்டம் போட்டு. சிவகாமி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்வந்தாள். சொந்தக்காரர்கள் விடாமல் போன் செய்கிறார்கள். பத்மநாபன் ஓய்வுபெற்றுவிட்டார், "வாழ்த்துகள், நிம்மதியா தூங்கு" என்று ஒரு செய்தி அனுப்பினார். நான் தூங்குகிறேனா என்று இந்த மனுஷனை யார் கேட்டது?

இத்தனை வருடம் ஏங்கியது. நெஞ்சு நிறைந்து வழிய வேண்டும். நாக்கில் என்னவோ மாத்திரை கரைந்தது போல் கசப்பு. பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்கிறார், அதுவாக இருக்கும்.

ஜூன் 1

நான் போகவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள்.

பத்து மணி வாக்கில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராயன், கூட அவர் மனைவி புஷ்பம். கையில் மக்ரூன் டப்பா. முதலில் அடையாளம் தெரியவில்லை. மீசை முழுக்க வெள்ளை. வலது கை தானாக ஆடிக்கொண்டே இருக்கிறது, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். சட்டைப் பொத்தானைப் புஷ்பம்தான் போட்டுவிட்டிருப்பார், ஒன்று மாறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"என்னைய மன்னிச்சுருங்க சார்."

எழுந்து ஃபேனைப் போட்டேன்.

"என்னால ஒங்களுக்கு எவ்வளவு கஷ்டம். வெசாரண, அது இதுன்னு. பிரமோசனே போயிருக்குமாமே. அந்த அறைக்குள்ள உசுரக் குடுத்து என்னைய இழுத்துட்டு வந்தீயளாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல சார். பொங்கலுக்கு நெய் பத்தலன்னு சண்ட போட்டது தெரியுது. அடுத்தது ஆசுபத்திரில ஃபேன் சுத்துது. நடுவுல எல்லாத்தையும் தொடச்சு எடுத்தாப்ல இருக்கு."

"ராத்திரி ஒறங்க மாட்டேங்காவ சார். 'நான் மாட்டாமலா போனேன், நான் மாட்டாமலா போனேன்'னு பொலம்பிக்கிட்டே கெடக்காவ. ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டா அடங்குவாவன்னுதான் கூட்டியாந்தேன்" என்றார் புஷ்பம்.

ராயன் என் முகத்தையே பார்த்தார். தர்க்கம் பண்ணுகிற பழைய பார்வை இல்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கிற பார்வை.

"சொல்லுங்க சார். நான் அப்படிப்பட்ட ஆளு இல்லையே. மீட்டர் இல்லாம நான் எங்கயும் கால் வைக்க மாட்டேனே. நீங்க சொன்னா நம்புதேன். மாட்டாமத்தான் போனேனா?"

சிவகாமி காபி டம்ளர்களோடு அடுக்களை நிலையில் நின்றுவிட்டாள்.

"ஆமாண்ணே" என்றேன். "எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி ஆகும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. நீங்க சொன்னா சரிதான். இனிமே மனசப் போட்டுக் கொழப்ப மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆடும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இனிமேல் அவரைக் கப்பலில் எடுக்க மாட்டார்கள், மெடிக்கல் தேறாது. ஆனால் கம்பெனியின் பயிற்சி நிலையத்தில் ஒரு வேலை தருகிறார்களாம். புதிதாகக் கப்பலேறும் ஆட்கள் முன்னால் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். செய்த தவற்றைத் தன் வாயால் சொன்னால் பையன்கள் மனதில் பதியும் என்று ஆபீஸில் சொன்னார்களாம். அடுத்த திங்கள் முதல் வகுப்பு.

"நல்ல வேலதான் சார். கடவுளாப் பாத்துக் குடுத்தது. ஆனா எனக்குத்தான் ஞாபகம் இல்லையே, என்னத்தப் பேச? நீங்க கூட இருந்தவிய. நீங்க சொல்லிக்குடுங்க, நான் பாடம் பண்ணிக்கிடுதேன்."

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தேன். கம்ப்ரஸர் அறை, பெயின்ட், மத்தியானம், டேப் உரிக்கப் போனது. ஒவ்வொன்றையும் உதட்டை அசைத்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நடுவில் நிறுத்தினார்.

"மீட்டர் எங்க இருந்துச்சு சார்?"

"வாசல்ல. கொக்கியில."

"வாசல்லயேவா!" தலையில் அடித்துக்கொண்டார். "கைய நீட்டுனா எடுத்துருக்கலாமே சார். பாவி மனுசன், கைய நீட்டாமப் போயிருக்கேனே. ஏன் மாட்டலன்னு பயலுவ கேட்டா என்ன சொல்ல?"

"அவசரம்னு சொல்லுங்க."

"என்ன அவசரம்?"

"இன்ஸ்பெக்ஷன் வருதுல்லா. வேலைய முடிக்கணும்னு ஒங்களுக்கு அவசரம்."

"எனக்கு அவசரம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "செரி. எனக்கு அவசரம்."

அடுக்களையில் டம்ளர்களைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சிவகாமி காபி கொண்டுவரவில்லை. புறவாசல் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். புஷ்பம் ஒன்றும் புரியாமல் அந்தப் பக்கம் பார்த்தார்.

ராயன் எழுந்து நின்றார். வகுப்பில் நிற்பதுபோல், ஆடும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "என் பேரு ராயன். நான் போசன். மீட்டர் வாசல்லதான் தொங்குச்சு. எனக்கு அவசரம், நான் எடுத்து மாட்டல. தப்பு என்னோடது. என்னைய மாரி நீங்க இருக்காதிய" என்றார். பிசகே இல்லை. முடித்துவிட்டு, சரியாக வந்ததா என்று என்னைப் பார்த்தார்.

நன்றாக வந்தது என்றேன். பெரிய வகுப்பு, கடைசி வரிசைவரை கேட்க வேண்டும், அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.